திருடனுக்கு ஒரு சால்வை

சனிக்கிழமை, இரவு

படுத்தும் தூக்கம் வரவில்லை, சிரிப்புதான் வருகிறது.

பழைய ஆங்கில ஓபரா ஒன்றைத் தழுவி ஜெர்மனியில் எழுதப்பட்ட நையாண்டி இசை நாடகத்தை நான் தமிழாக்கியிருக்கிறேன் அல்லவா? இன்று எங்கள் குவேக்கர்ஸ் ஹில் புறநகரில் அதன் ஒத்திகை. இங்குள்ள தமிழ்ச் சங்கத்தின் தலைவர் சிவா அங்கிள் பார்க்க வந்திருந்தார். அவர் சரி சொன்னால்தான் நாடகம் போடச் சங்க மண்டபம் கிடைக்கும்.

மூலத்தில், தூக்குமேடையில் நிற்கும் திருடனுக்கு ராணி மன்னிப்பும் பட்டமும் அனுப்புவாள். என் கதையில் ராணிக்குப் பதிலாக ஒரு சங்கத் தலைவர் வந்து அவனுக்குச் சால்வை போர்த்துவார். அந்த இடம் வந்ததும் எல்லோரும் சிரித்தார்கள். அங்கிள் மட்டும் எழுந்து வெளியே போய்விட்டார். மண்டபம் போச்சு என்றே நினைத்தேன்.

காரிலிருந்து ஒரு ஜரிகைச் சால்வையோடு திரும்பி வந்தார்.

"உப்பிடியே போர்த்துறது? தள்ளுங்கோ, அந்த வேசத்தை நானே செய்யிறன்."

"அங்கிள், நீங்க போர்த்துறது ஒரு திருடனுக்கு. பரவாயில்லையா?"

"கள்ளருக்கு நான் எத்தினை தரம் போர்த்தியிருக்கிறன், பிள்ளை! நீங்கள்தான் முன்னமே கள்ளன் எண்டு சொல்லுறியள்."