வண்டிக் கம்பில் நசுங்கிய நரம்பு

மேலகரம்
வெகுதானிய வருஷம் ஆடி 6

சிரஞ்சீவி வடிவம்மாளுக்கு அப்பா ஆசீர்வாதம். இங்கே என் வலது கையைத் தவிர எல்லோரும் சுகம், அங்கே உன் சுகத்துக்கு எழுதவும். நான் சொல்லச் சொல்ல உன் அம்மா எழுதுகிறாள். அப்பாவுக்குப் பக்கவாதம் என்று அவள் போட்ட கார்டைப் பார்த்து, டாக்டர் பரீட்சையை விட்டுவிட்டு வெள்ளிக்கிழமை ரயிலேறுவதாக எழுதியிருக்கிறாய். ஏறாதே. வாய் கோணவில்லை, கால் இழுக்கவில்லை. நடந்தது இவ்வளவுதான். குற்றாலத்தில் குளித்துவிட்டு வடகரை வயலுக்கு வண்டியில் போனேன், குளித்த அலுப்பில் பக்கக் கம்புக்கு மேலே கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு தூங்கிவிட்டேன். இறங்கும்போது மணிக்கட்டு தொங்கிப்போயிற்று, விரலை நீட்ட முடியவில்லை. ஊரில் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். நானும் புத்திகெட்டுப்போய்ப் பன்னிரண்டு நாள் பெரிய அருவியில் கையைக் காட்டிக்கொண்டு நின்றேன், தண்ணீர் அடித்த அடியில் தோல் சிவந்ததுதான் மிச்சம். இதற்குள் உன் மாமா பிச்சைமணி வந்து, பிள்ள படிச்சது போதும், வரச் சொல்லுங்க, நல்ல எடமா பாத்துக் குடுத்திருவோம் என்று உட்கார்ந்துவிட்டான். உன் அம்மாவும் தலையாட்டினாள். இதை எழுதச் சொன்னால் முறைக்கிறாள்.

முந்தாநாள் தென்காசிக்குப் போய் டாக்டர் தாணுவிடம் காட்டினேன். பாட்டரிப் பெட்டியிலிருந்து இரண்டு கம்பிகளை எடுத்து முழங்கைக்குக் கீழே வைத்தார். நான் மூச்சைப் பிடித்து முக்கியும் அசையாத விரல்கள் தானாக எழுந்து நின்றன, உன் அம்மா முருகா என்று அலறிவிட்டாள். சதைக்கு ஒண்ணுமில்ல அண்ணாச்சி, மேல்கையில நரம்பு நசுங்கிப் போச்சு, நீங்க விரலுக்குச் சொல்லுதது அந்த இடத்தோட நின்னு போகுது, அருவி சதையத்தான் அடிக்கும், நரம்பு தானாத் தெளியணும் என்றார். சித்திரையில் நீ எழுதியது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. நரம்பில் ஓடிவருகிற சேதி அதன் நுனியில் ஏதோ மருந்து மாதிரிச் சுரக்க வைக்கும், அது பட்டதும் சதை சுருங்கும் என்று எழுதியிருந்தாய். அன்றைக்கு இந்தப் பெண்ணுக்கு வேறு வேலையில்லை என்று மடித்து வைத்துவிட்டேன். என் தப்புதான். மூங்கில் பட்டை வைத்துக் கட்டியிருக்கிறது. நேற்று கட்டை அவிழ்த்தபோது மணிக்கட்டு ஒரு நெல் உயரம் எழுந்தது. நானே நினைத்து எழுப்பியது, பாட்டரி இல்லை. சந்தோஷத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

ஆகையால் வேளைக்குச் சாப்பிட்டுப் பரீட்சைக்குப் படி. ராத்திரி கண் விழித்தால் எண்ணெய் தேய்த்துக் குளி. மாமாவுக்கு நான் பதில் சொல்லிக்கொள்கிறேன். குற்றாலநாதர் துணையிருப்பார். கையெழுத்தை மட்டும் நானே போடுகிறேன்.

ஆசீர்வாதத்துடன்,
காந்திமதிநாதன்

வடிவு, மேலே இருக்கிற கையெழுத்து அப்பாவே போட்டதுதான். பேனா மூன்று தடவை கீழே விழுந்தது, பிடித்துக்கொள்ள என்னை விடவில்லை. நான் கார்டில் எழுதியதைக் கிழித்துப் போடு. பரீட்சையை முடித்துக்கொண்டே வா.
அம்மா