தவச்செல்வனுக்கு நீ எழுதிக் கொடுத்தது

லுசேர்ண்,
02.06.2016

அன்பு மகள் யாதவிக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. இங்கே நானும் அம்மாவும் தம்பியும் சுகம், என் இடது முழங்காலைத் தவிர மற்ற எல்லாம் ஒழுங்காக நடக்கிறது. நீயும் மெல்பேர்ணில் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று நல்லூர்க் கந்தனை நினைத்துக்கொண்டு இதைத் தொடங்குகிறேன். வாட்ஸ்அப் இருக்கும்போது அப்பா ஏன் தபாலில் எழுதுகிறார் என்று யோசிப்பாய். ஃபோனில் கதைத்தால் அம்மா பக்கத்தில் இருந்து என் ஒவ்வொரு சொல்லுக்கும் திருத்தம் சொல்லுவா. அதோடு உன் குரல் கேட்டதும் சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டு ஃபோனை அம்மாவிடம் நீட்டிவிடுவேன், மூன்று ஞாயிற்றுக்கிழமைகளாக அதைத்தான் செய்தேன். அப்பாவுக்கு என்னில கோபமோ என்று நீ அம்மாவிடம் கேட்டாயாம். கோபம் ஒன்றும் இல்லை மகள், எனக்குப் பொறாமை. ஐம்பத்தாறு வயதில் இந்தச் சொல்லைப் பெற்ற பிள்ளைக்கு எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதாவிட்டால் நாலாவது ஞாயிறும் அப்படியே போய்விடும்.

முதலில் வீட்டுப் புதினம். தம்பி கிஷோபன் ஃப்ரிபூர்க்கில் படித்துக்கொண்டிருக்கிறான், சனிக்கிழமை தவறாமல் ஒரு மூட்டை ஊத்தை உடுப்போடு ரயிலில் வந்து இறங்குகிறான், பிரெஞ்சு இன்னும் சரியாக வரவில்லை, பிரெஞ்சுக்காரர் மாதிரித் தோளைக் குலுக்க மட்டும் பழகிவிட்டான். அம்மாவுக்கு முதியோர் இல்லத்தில் வேலை நேரம் கூடிவிட்டது, வந்ததும் காலை நீட்டிக்கொண்டு நாடகம் பார்க்கிறா, நான் ஏதும் கேட்டால் கையைக் காட்டிப் பொறுக்கச் சொல்லுகிறா. என் ஹோட்டலுக்குப் புதிதாக ஒரு தலைமைச் சமையற்காரர் வந்திருக்கிறார், வயது முப்பத்தொன்று, நான் முட்டை பொரிக்கும்போது பின்னால் வந்து நின்று ஒன்றும் சொல்லாமல் நெருப்பைக் குறைத்துவிட்டுப் போகிறார். இருபத்திரண்டு வருடமாக அந்த அடுப்பில் காலைச் சாப்பாடு செய்கிறவன் நான். முதல்நாளே உருளைக்கிழங்கை அவித்து வைத்து, மறுநாள் துருவி, வெண்ணெயில் முறுகச் சுட்டு நான் எடுக்கிற றோஸ்ரியைச் சுவிஸ்காரரே கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறார்கள், அப்படியிருக்க எனக்கு நெருப்புப் பாடம் எடுக்கிறார்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். தவச்செல்வன் என்னோடு அதே குசினியில் ஒன்பது வருடம் இருந்தவன், முதலில் பாத்திரம் கழுவினான், பிறகு சலாட் வெட்டினான். மாசி மாதம் ஒருநாள் உடுப்பு மாற்றுகிற அறையில் வைத்து, "அண்ணை, நான் வேலையை விடப்போறன், எம்மன்புரூக்கில சொந்தமா ஒரு சாப்பாட்டுக் கடை போடுறன்" என்றான். நல்லது தம்பி என்று தோளில் தட்டினேன். வீட்டுக்கு வந்து அம்மாவிடம், ஆறு மாதத்தில் திரும்பி வந்து சலாட் வெட்டுவான் இருந்து பார் என்றேன். ஏனென்றால் சொந்தக் கடை என்பது என்னுடைய கதை, அவனுடையது இல்லை. நீ பாலர் வகுப்புக்குப் போன காலத்திலிருந்து இந்த வருடம், அடுத்த வருடம் என்று அதைச் சொல்லிக்கொண்டு திரிந்தவன் நான். ஒன்பது வருடம் வாயே திறக்காமல் வெள்ளரிக்காய் வெட்டியவன் எனக்கு முன்னால் போய்விட்டான் என்று நினைக்க நினைக்க வயிறு எரிந்தது.

கடை திறப்பு மே மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, பத்து மணி பதினெட்டு நிமிடத்துக்குச் சுபநேரம். என் கைராசியைப் பற்றி நம் ஆட்கள் சொல்லுவது உனக்குத் தெரியும்தானே, ஜெயந்தியின் புடவைக் கடையிலும் இராஜேந்திரனின் மரக்கறிக் கடையிலும் நான்தான் முதல் காசு கொடுத்து வியாபாரத்தைத் தொடக்கினேன், இரண்டும் நன்றாக ஓடுகின்றன. அதனால் தவச்செல்வன் வீடு தேடி வந்து, "அண்ணை, முதல் காசு உங்கட கையாலதான் விழவேணும்" என்று கேட்டிருந்தான். ஓம் என்றேன். அன்று காலை குளித்து வெளிக்கிட்டு பஸ் தரிப்பில் போய் நின்றேன், இரண்டாம் இலக்க பஸ் வந்தது, நான் ஏறவில்லை. அடுத்ததும் வந்தது, அதையும் விட்டேன். இப்படி நாலு பஸ்ஸை வேண்டுமென்றே விட்டுவிட்டுப் பதினொரு மணிக்குப் போய் இறங்கி, பஸ் பிந்திவிட்டது என்றேன். இந்த நாட்டில் அந்தப் பொய்யைச் சொல்லத் துணிந்தவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். ஒருவரும் நம்பவில்லை. கடைக்குப் பக்கத்து வீட்டுச் சுவிஸ் கிழவி, தன் கராஜுக்கு முன்னால் யாரோ காரை விட்டிருக்கிறார்கள் என்று சண்டைக்கு வந்தவ, வாசம் பிடித்துப்போய் இரண்டு ரோல்ஸ் வாங்கியிருக்கிறா. அதுதான் முதல் வியாபாரம். இன்றைக்கு மூன்று கிழமை, மத்தியானத்தில் வாசல்வரை ஆட்கள் நிற்கிறார்கள். என் கைராசி இல்லாமலே நடக்கிறது.

அன்று நான் உள்ளே போனதும் தவச்செல்வன் என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தவர்கள் எல்லாருக்கும் காட்டினான். "இவற்ற மகள் யாதவிதான் அவுஸ்திரேலியாவில இருந்து எனக்கு முழுத் திட்டத்தையும் டொச்சு பாஷையில எழுதித் தந்தது, அதைப் பாத்திட்டுத்தான் கட்டடச் சொந்தக்காரன் கடையைத் தந்தவன், அந்தப் பிள்ளை இல்லாட்டி இந்தக் கடை இல்லை" என்றான். எல்லாரும் எனக்குக் கை தந்தார்கள். நான் பெரிய மனிதன் மாதிரிச் சிரித்தேன். எனக்கு ஒன்றும் தெரியாது என்பதை எப்படிச் சொல்லுவது? ஒரு ரோல்ஸை எடுத்துக் கடித்துக் குறை தேடினேன், உப்புச் சரி, உறைப்புச் சரி, பொரித்த பதமும் சரி. அப்பாவும் சந்தோசமாகத்தான் கேட்கச் சொன்னார் என்று அவன் உன்னிடம் கதைத்திருப்பான், நீயும் அப்பாவின் கூட்டாளி என்று நல்ல மனதோடு இரவு பகல் இருந்து செய்திருப்பாய், அதில் உன்னில் ஒரு பிழையும் இல்லை. ஆனாலும் மகள், அவனுடைய கடையைப் பார்த்து வந்த எரிச்சலை நான் தாங்கிக்கொள்ளுவேன். என் பிள்ளையின் படிப்பும் மூளையும் முதலில் அவனுக்குப் போய்ச் சேர்ந்ததைத் தாங்க முடியவில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் கண் கலங்கிவிட்டது, பக்கத்தில் இருந்த பெண் கைக்குட்டை எடுத்துத் தந்தா.

அம்மாவிடம் ஒரு பாட்டம் புலம்பினேன். நாடகத்தை நிற்பாட்டிவிட்டு, "அவன் கேட்டவன், நீங்கள் கேக்கேல்லை, அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டுத் திரும்ப நாடகத்தைப் போட்டா. உண்மைதான். நீ இங்கிருந்து புறப்படுவதற்கு முதல்நாள், பெட்டி கட்டிக்கொண்டே, "அப்பா, உங்கட கடைக்கு நான் எழுதித் தரவோ" என்று கேட்டாய். முதலில் உன் விசாவைப் பார் என்று வெடுக்கென்று சொல்லிவிட்டேன். சின்ன வயதில் வீட்டுக்கு வரும் டொச்சுக் கடிதம் எல்லாம் நீதான் வாசித்துச் சொன்னாய், இந்த வயதிலும் உன்னிடமே போய் நிற்பதா என்ற ரோசம். உண்மையில் பயம். எழுதித் தந்துவிட்டால் பிறகு செய்யத்தானே வேண்டும்.

இப்போது ஒரு இடம் வந்திருக்கிறது. வேலை முடிந்து நான் கோப்பி குடிக்கிற சின்னக் கடையை உனக்கு நினைவிருக்கும், ஃப்ராவ் புஹர் என்ற வயதான பெண்மணி நடத்துகிறா, ஆறு கதிரையும் ஒரு அடுப்பும்தான். ஒக்டோபரோடு ஓய்வு எடுக்கப்போகிறா. என்னைக் கூப்பிட்டு, உன் றோஸ்ரியைச் செய், கடையை எடுத்து நடத்து, ஆனால் என்ன செய்யப்போகிறாய் என்று ஒழுங்காக எழுதித் தா, கட்டட உரிமையாளருக்குக் காட்ட வேண்டும் என்றா. தமிழன் சுடுகிற றோஸ்ரியை யார் வாங்குவான் என்று அம்மா கேட்கிறா. குசினியில் வேலைக்காரருக்கு என்று பச்சை மிளகாயும் கறிவேப்பிலையும் போட்டு நான் சுடுகிறதை அந்த முப்பத்தொரு வயதுக்காரரே ஒளித்து வந்து சாப்பிடுகிறார், அதனால் வாங்குவார்கள். நாலு இரவு தாளும் பேனையுமாக இருந்தேன். டொச்சில் கிழங்கு, வெண்ணெய், அடுப்பு என்று மூன்று வரி வந்தது, அதற்கு மேல் வரவில்லை. ஹோட்டலுக்கு மூன்று மாதம் முன்னால் அறிவிக்க வேண்டும், ஃப்ராவ் புஹரும் இந்த மாதம் முப்பதாம் திகதி வரைதான் எனக்காகக் காத்திருப்பா.

அங்கே இப்போது குளிர் தொடங்கிவிட்டதாம், காதை மூடிக்கொண்டு வெளியே போ, மத்தியானச் சாப்பாட்டை விடாதே, கடவுள் உனக்கு எல்லா நலமும் தரட்டும். சொல்லவேண்டிய எல்லாம் சொல்லிவிட்டேன், கேட்கவேண்டியதை மட்டும் இவ்வளவு தூரம் தள்ளிக்கொண்டு வந்திருக்கிறேன். மகள், எனக்கும் ஒன்று எழுதித் தா. முப்பதாம் திகதியை மறந்துவிடாதே. தவச்செல்வனுடையது பதினான்கு பக்கமாம். எனக்குப் பதினைந்து வேண்டும்.

உன்னிடம் கேட்கும்
அப்பா,
யோகராஜா