விதைப்புக்கு முன் செய்த அப்டேட்

வடக்கு அயோவா,
மே 24

அன்புள்ள டாரினுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் உடம்பளவில் சௌக்கியம், அப்பாவின் முழங்கால்கூட இந்த வாரம் தேவலை. சியாட்டிலில் நீயும் ப்ரின்னும் குழந்தை ஹேஸலும் குறைவில்லாமல் இருக்கத் தினமும் வேண்டிக்கொள்கிறேன். போனில் சொல்லாமல் ஏன் காகிதத்தில் எழுதுகிறாள் என்று யோசிப்பாய். போன் என்ற சொல்லைக் கேட்டாலே எனக்குக் குமட்டிக்கொண்டு வருகிறது, அது ஒன்று. இன்னொன்று, மூன்று வாரமாக நீ கூப்பிட்டால் அப்பா எடுப்பதில்லை, நான் எடுத்தாலும் எழுந்து கொட்டகைக்குப் போய்விடுகிறார், நீ ஏன் என்று கேட்கும்போதெல்லாம் விதைப்பு வேலை என்று பூசி மெழுகினேன். அது பொய். அவருக்கு உன்மேல் கோபம். அந்தக் கோபம் உன்மேல் வரவேண்டியதே இல்லை, என்மேல் வரவேண்டியது.

டிராக்டரில் ஸ்டியரிங் பக்கத்தில் மாட்டியிருக்கும் டேப்லெட்டை நீ பார்த்திருக்கிறாய், எட்டு வருஷப் பழசு. விதைக்கும் இயந்திரத்தின் பன்னிரண்டு வரிசையிலும் மக்காச்சோளம் விழுகிறதா இல்லையா என்று பச்சையும் சிவப்புமாகக் காட்டும். மார்ச் பிறந்தால் விதைப்பு முடிகிறவரை இந்தப் பக்கத்தில் யாரும் அதில் அப்டேட் போடமாட்டார்கள், அப்பா அதன் விளிம்பில் வெள்ளை நாடா ஒட்டி மார்க்கரில் தொடாதே என்று எழுதியே வைத்திருந்தார். கிறிஸ்துமஸுக்கு வந்தபோது நீ அதைக் கையில் எடுத்து, "பழைய வெர்ஷன வச்சிருந்தா கண்டவனும் உள்ள பூந்துருவான்ப்பா, தானா அப்டேட் ஆகுற மாதிரி போட்டுத் தரவா" என்று கேட்டாய். அப்பா, "விதைக்கிறது நானுடா, அந்தச் சனியன் இல்ல, கைய எடு" என்றார். நீ எடுத்துவிட்டாய். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

மே முதல் செவ்வாய்க்கிழமை காலையில் அப்பா டிராக்டரில் ஏறி அதைத் திறந்தால் திரையே வேறு மாதிரி இருக்கிறது, படங்கள் எல்லாம் கண்ணாடிக்குப் பின்னால் இருப்பதுபோல மங்கலாக, ஒன்றைத் தொட்டால் அரை நிமிஷம் கழித்து அசைகிறது. விதைப்புச் செயலியைத் தொட்டால் இந்த வெர்ஷனில் இது ஓடாது, புதிய செயலியைப் போடு என்கிறது, புதிய செயலியைப் போடப் போனால் உன் டேப்லெட் பழசு, அதற்கு ஒத்துவராது என்கிறது. இப்படி ஒரு கேடுகெட்ட புத்தி மனுஷனுக்கு வருமா? வீட்டுக்கு வா என்று கூப்பிட்டுவிட்டு வாசலில் நிறுத்திக் கதவைச் சாத்துகிற மாதிரி. இயந்திரம் விற்ற கடைக்கு ஓடினோம். அங்கே கவுண்டரில் இருந்த அம்மாள் நகத்தைப் பார்த்துக்கொண்டே, "ஒரு தடவ மேல போயிட்டா போனதுதாங்க, பழைய வெர்ஷனுக்கு வரமுடியாது, புது டேப்லெட்டு வாங்குங்க, அதுக்கு வேற கேபிள், வர்றதுக்குப் பத்து நாள் ஆகும்" என்றாள். வியாழக்கிழமையிலிருந்து ஒரு வாரம் மழை என்று ரேடியோ அலறுகிறது, இவளுக்குப் பத்து நாள். நல்லாயிருந்த ஒரு பொருளை நடு வேலையில் கெடுத்துவிட்டு, அதற்கு முன்னேற்றம் என்று பெயரும் வைத்து, நம்மையே வரிசையில் நிற்கவிடுகிறார்கள். எனக்கு அவள் மேஜையில் இருந்த மிட்டாய்க் கிண்ணத்தைத் தூக்கி எறியலாம் போலிருந்தது.

அப்பா திரை இல்லாமல், கண்ணைக் கட்டிக்கொண்ட மாதிரிதான் விதைத்தார். நான் வண்டியில் பின்னாலேயே போய் வளைவுக்கு வளைவு இறங்கி, பேனாக்கத்தியால் ஒவ்வொரு வரிசையையும் கிளறி விதை இருக்கிறதா என்று பார்த்தேன், அறுபத்தெட்டு வயதில் மண்ணில் முட்டிபோட்டு. கடைசி வயலில்தான் தவறிப்போனேன். ஹாம் சாண்ட்விச் எடுத்துவர வீட்டுக்குப் போய்த் திரும்பினால் பாதி வயல் முடிந்திருந்தது, ஏழாவது வரிசையைக் கிளறுகிறேன், கிளறுகிறேன், ஒரு மணிகூட இல்லை. விதைப்பையின் காகிதத் துண்டு ஒன்று குழாயில் போய் அடைத்திருக்கிறது. அதுவும் சர்ச்சுக்குப் போகிற ரோட்டை ஒட்டிய வயல். இப்போது முளைத்து நிற்கிறது, பன்னிரண்டு வரிசைக்கு ஒரு வெறும் கோடு, ரோட்டில் போகிற ஒவ்வொருவனும் காரை மெதுவாக்கிப் பார்க்கிறான். ஐம்பது வருஷமாக அப்பா போட்ட வரிசையில் யாரும் ஒரு கோணல் சொன்னதில்லை. பக்கத்துப் பண்ணை டெல்மர் காபிக் கடையில் எல்லார் முன்னாலும், "என்ன லவேர்ன், நடுநடுவுல வழி விட்டிருக்க, கோல்ஃப் வண்டி ஓட்டவா" என்றானாம். அப்பா காபியை அப்படியே வைத்துவிட்டு வந்துவிட்டார், அதற்குப் பிறகு அங்கே போகவில்லை.

செவ்வாய்க்கிழமை அன்றே அவர் தீர்ப்பு எழுதிவிட்டார். "அவன்தான். கிறிஸ்துமஸ்ல வந்து நோண்டிட்டு, எனக்குத் தெரியாம தானா அப்டேட் ஆகப் போட்டுட்டுப் போயிருக்கான். பெத்த அப்பனையே நம்பாத பய" என்றார். நான் காபிக் கெட்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றேன், வாயைத் திறக்கவில்லை. டாரின், அதைச் செய்தது நான். அதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை நீ செய்தி அனுப்பினாயே, ஹேஸல் நடக்கிறாள், பன்னிரண்டு மணிக்கு வீடியோவில் வாங்க என்று. என் போனில் அந்தச் செயலி திறக்கவே இல்லை, வெர்ஷன் பழசாம், அந்தப் போனுக்குப் புது வெர்ஷனே கிடையாதாம். நம் வீட்டு இணையம்தான் உனக்குத் தெரியுமே. டேப்லெட்டைக் கழற்றி ருபார்ப் கேக் டப்பாவோடு பையில் போட்டுச் சர்ச்சுக்குக் கொண்டுபோனேன். ஆராதனை முடிந்து எல்லாரும் கீழ்த்தளத்தில் காபி குடிக்கும்போது, அங்கே வைஃபை நன்றாக இருக்கும் என்று, ஒரு மூலையில் உட்கார்ந்து திறந்தால், டேப்லெட்டை அப்டேட் செய்தால்தான் அந்தச் செயலி வரும் என்றது, சரியென்று அழுத்தினேன். ஒரு மணி நேரம் அந்தக் கோடு ஊர்ந்தது. பிறகு என் முகத்தைக் காட்டு என்றது, விரலை வை என்றது, எண்பது பக்கச் சட்டத்துக்குச் சரி என்று சொல் என்றது, பேரப்பிள்ளையைப் பார்க்க வந்தவளிடம் இத்தனை கேள்வி. எல்லாம் முடிந்து உன் பெயரைத் தொட்டபோது, குழந்தை தூங்கிட்டாம்மா, அடுத்த தடவை பார்த்துக்கலாம் என்று எழுதினாய். டேப்லெட்டை டிராக்டரில் மாட்டி, நுனி பிரிந்திருந்த நாடாவைக்கூட நேராக அழுத்தி ஒட்டிவிட்டு வந்தேன். அதை நினைத்தால் அந்தக் கடைக்காரியைவிட என்மேல்தான் எனக்கு அருவருப்பு. என் பிள்ளையைத் திட்டும்போது வாய்மூடி நின்றேனே, சீ.

நேற்று மத்தியானம் சாப்பாட்டு மேஜையில் சொல்லிவிட்டேன். அப்பா உருளைக்கிழங்கை வெட்டிக்கொண்டே, "தெரியும்" என்றார். இரண்டு வாரத்துக்கு முன்பே தெரியுமாம், சர்ச்சில் காபி ஊற்றும் மேவிஸ், "அன்னிக்கு உங்க வீட்டம்மா ஒரு மணி நேரம் தலையே தூக்கல, அந்த டேப்லெட்டுல அப்படி என்ன பாத்தாங்க" என்று கேட்டிருக்கிறாள். தெரிந்துகொண்டே ஏன் பிள்ளையிடம் பேசவில்லை என்று கத்தினேன். "உன்மேல கோவப்பட்டா ஒரே வீட்டுல எப்படி இருக்கிறது ஆர்டிஸ், அவன் ஆயிரத்து எழுநூறு மைல் தள்ளியில்ல இருக்கான்" என்கிறார். தட்டைத் தூக்கிக்கொண்டு போய்விட்டேன், அந்த முகத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லை. நான் ஒரு கோழை, அவர் அதைவிடப் பெரிய கோழை, இரண்டு பேருமாகச் சேர்ந்து உன்னைப் பலியாக்கியிருக்கிறோம். கொஞ்ச நேரம் கழித்துச் சமையலறை வாசலில் வந்து நின்று, என்னைப் பார்க்காமல், "அந்தப் பொண்ணு நல்லா நடக்குறாளா" என்று கேட்டார். எனக்கு எப்படித் தெரியும், நானும்தான் பார்க்கவில்லை என்றேன்.

அவருக்கு இப்போது கோபம் இல்லை, வெட்கம். வெட்கத்தில் அவராகக் கூப்பிடமாட்டார், அதனால் நீதான் கூப்பிட வேண்டும். சனிக்கிழமை மத்தியானம் எங்களுக்குப் பன்னிரண்டு அடிக்கும்போது, சமையலறைச் சுவரில் இருக்கும் பழைய போனுக்குக் கூப்பிடு, நான் எடுக்கமாட்டேன், அவரையே எடுக்கவைக்கிறேன். மழையைப் பற்றித்தான் பேசுவார், உங்கள் பக்கத்தில் எத்தனை அங்குலம் என்பார், பேசட்டும், அவருக்கு மன்னிப்புக் கேட்கத் தெரிந்த வழி அதுதான். ப்ரின்னுக்கும் உனக்கும் கடவுள் நல்ல உடம்பையும் எங்களைவிட நல்ல வாயையும் கொடுக்கட்டும். மறந்துவிடாதே, குழந்தைக்கு அன்று கெட்டியான அடியுள்ள ஷூ போட்டுவிடு, கம்பளம் இல்லாத அறையில் போனைத் தரையில் வைத்துவிட்டு அவளை நடக்கவிடு. அப்பா கேட்கட்டும்.

அன்புடன்,
உன் அம்மா ஆர்டிஸ்