பெங்களூரிலிருந்து வேலூருக்கு, சென்னை வழியாக

பேருந்து ஆம்பூரை நெருங்கும்போதே தோல் பதனிடும் வாடை ஜன்னல் வழியாக உள்ளே வந்துவிட்டது. பக்கத்து இருக்கைக்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டார். எனக்கு உன் ஞாபகம்தான் வந்தது. ஊர் வந்துவிட்டதா என்று பெயர்ப் பலகையைத் தேடுகிறவன் வெளியூர்க்காரன் என்பாய்.

ஷூ கம்பெனி காரை இருபது வருஷம் ஓட்டியவன் நீ. வெளிநாட்டு வியாபாரிகளைச் சென்னை, பெங்களூர் இரண்டு விமான நிலையங்களிலிருந்தும் அழைத்து வருவாய். ஒருமுறை ஒருவர் பெங்களூரில் வேலையை முடித்துவிட்டு, விமானத்தில் சென்னைக்குப் போய், அங்கிருந்து உன் காரில் ஆம்பூருக்கு வந்தார். அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாய். "நம்ம தலைக்கு மேலயே பறந்து போய்ட்டு திரும்பி வர்றான்டா. இன்னா அவசரம் பாரு!"

அன்றிலிருந்து அது நம் இருவரின் விளையாட்டாகிவிட்டது. பிரியாணிக் கடை வாசலில் நிற்கும்போது விமானம் போனால், கண்டக்டர் மாதிரி வானத்தைப் பார்த்துக் கூவுவாய்: "ஆம்பூர் எறங்கறவங்கல்லாம் முன்னால வாங்க!" கடைக்காரர்கூடச் சிரிப்பார்.

அப்படிப்பட்ட நீ, வேலூர் ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு நாள் காலையில் எனக்குப் போன் செய்தாய்.

"ஒரு தபா வந்து பாத்துட்டுப் போடா."

"இதோ கிளம்பறேன்."

"பஸ்ல வராத. பிளைட்ல வா. ஜல்தியா வந்துடலாம்."

குரல் தேய்ந்திருந்தது. அதில் சிரிப்பு இருந்ததா என்று எனக்குத் தெரியவில்லை. பெங்களூரிலிருந்து வேலூருக்குச் சாலையில் நாலு மணி நேரம் என்பது எனக்குத் தெரியாதா? ஆனால் வழி விஷயத்தில் உன் பேச்சை நான் மீறியதே இல்லை. நெடுஞ்சாலையில் ஏதோ அடைப்பு, உன் டிரைவர் தோஸ்த்துகள் சொல்லியிருப்பார்கள் என்று நினைத்தேன். ஊரைச் சுற்றி விமான நிலையத்துக்குப் போய், காத்திருந்து, பறந்து, சென்னை நெரிசலில் ஊர்ந்து, வேலூர் வந்து சேர்ந்தபோது இருட்டிவிட்டது. நீ மாலையிலேயே போய்விட்டாய்.

சாலையில் அன்று எந்த அடைப்பும் இல்லையாம். பிறகு ஏன்டா அப்படிச் சொன்னாய்? வலியில் வாய் குழறியதா? நான் பார்க்க வேண்டாம் என்று நினைத்தாயா? அப்படியென்றால் ஏன் கூப்பிட்டாய்? எந்தப் பக்கம் யோசித்தாலும் முட்டிக்கொண்டு நிற்கிறேன். சில நாள் உன்மேல் கோபம்கூட வருகிறது.

போன மாதம் உன் மனைவி சொன்னதைக் கேட்டதிலிருந்து குழப்பம் இன்னும் ஜாஸ்தியாகிவிட்டது. "நீங்க பிளைட் ஏறிட்டீங்கன்னு மத்தியானம் சொன்னேன்ணா. அப்படிச் சிரிச்சாரு! பேஜார் புடிச்சவன், நெஜமாவே ஏறிட்டானான்னு கேட்டாரு. அத்தினி நாள்ல அன்னிக்குத்தான் சிரிச்சாரு."

அப்படியானால் அது விளையாட்டுதானா? "போடா" என்று சொல்லிவிட்டு நான் பஸ் ஏறியிருக்க வேண்டுமா? ஏறியிருந்தால் உன் முகத்தைப் பார்த்திருப்பேன். ஆனால் நீ அப்படிச் சிரித்திருக்க மாட்டாய்.

வாடை குறைந்துவிட்டது, பேருந்து ஆம்பூரைத் தாண்டிவிட்டது. எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: நீ சிரித்துக்கொண்டிருந்த அந்த நேரம், நான் உன் தலைக்கு மேலேதான் எங்கோ போய்க்கொண்டிருந்தேன். இறங்க முடியவில்லையடா.