ஒன்பது பத்துக்கு ஏறிய சிக்னல்

அன்பு மகள் பாப்பாவுக்கு அம்மா எழுதுவது. நலம் என்று எழுதக் கை வரவில்லை, இருந்தாலும் சாப்பிடுகிறேன், மாத்திரை போடுகிறேன், இருக்கிறேன். நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா? அப்பா காரியத்தை முடித்துவிட்டுப் போனவள், இரண்டு மாதமாக உன் குரலையே காட்டவில்லை.

நேற்று உன் காலேஜ் டெக்னீஷியன் வந்திருந்தார். மொட்டைமாடியில் நீ வைத்த ஒளிப்பெட்டியைக் கழற்ற வேண்டுமாம், மேடம் சொல்லிட்டாங்க என்று உன்னைச் சொன்னார். எனக்கு வந்த கோபத்தில் ஸ்க்ரூடிரைவரைப் பிடுங்கி வைத்துக்கொண்டேன். மூன்று கிலோமீட்டர் தள்ளி இருக்கிற காலேஜ் மாடி வரை அந்த ஒளி போகிறது, தரைச்சூட்டில் காற்று நெளிய நெளிய ஒளியும் நடுங்கும், அந்த நடுக்கத்தில் இருந்து நிலம் எவ்வளவு சூட்டைக் காற்றுக்கு விடுகிறது என்று என் பொண்ணு கணக்குப் போடுவாள் என்று உன் அப்பா கேஸ் சிலிண்டர் போட வந்தவரைக்கூட விடாமல் பிடித்துவைத்துச் சொல்வாரே, அதைப் போய்க் கழற்றுவதா? டீ கொடுத்து உட்காரவைத்தேன். பேச்சுவாக்கில் அவர் சொன்னார், அப்பா போன அந்த ஒரு நாள் பதிவை மட்டும் நீ இன்னும் திறக்கவே இல்லையாம். அவர் பார்த்தாராம், பெட்டியின் கண்ணாடியில் தூசி படிந்து காலையில் இறங்கிக் கிடந்த சிக்னல் ஒன்பது பத்துக்கு முழுசாக ஏறிவிட்டதாம்.

பாப்பா, அப்பா விழுந்தது பதினொன்றரைக்கு. கண்ணாடியைத் துடைங்கப்பா என்று நீ அனுப்பிய மெசேஜைப் பார்த்ததும் ஏறித் துடைத்துவிட்டு, சிரித்துக்கொண்டே இறங்கி வந்து என்னோடு உட்கார்ந்துதான் சாப்பிட்டார். மறுபடி ஏறச் சொன்னது நான். வானம் இருட்டுகிறது, துணியை எடுத்துக்கிட்டு வாங்க என்றேன். முட்டி வலிக்குது, கொஞ்சம் பொறு என்றார். ஒரு வேலை சொன்னால் உடனே செய்வீங்களா என்று கத்தினேன். இரண்டு கையிலும் போர்வையை அள்ளிக்கொண்டு இறங்கியவருக்குப் படி தெரியவில்லை. மழையும் வரவில்லை.

நான்தானேம்மா ஏறச் சொன்னேன் என்று நீ தலையில் அடித்துக்கொண்டு அழுதபோது நான் வாயைத் திறக்கவில்லை. சொல்லியிருந்தால் நீ என்னைப் பார்க்கிற பார்வையே மாறியிருக்கும் என்று பயந்தேன். உன்னைப் பெற்றவள் செய்கிற காரியமா அது? இரண்டு மாதம் உன்னை அதைச் சுமக்கவிட்டேன்.

அந்தப் பதிவைத் திறந்து பார் கண்ணே. நேரத்தை நன்றாகப் பார். பிறகு என்னைத் திட்ட வேண்டும் என்றால் ஃபோன் போட்டுத் திட்டு, பேசாமல் மட்டும் இருக்காதே. நன்றாகத் தூங்கு. நீ நூறு வயது நல்லா இருக்கணும்.

அப்பாவை மாடிக்கு அனுப்பிய
உன் அம்மா