நாய் மருந்தும் மூன்றாவது ஓலையும்

அன்பு மகள் ஜோஸ்வினுக்கு,

திண்டிவனத்திலிருந்து அம்மா எழுதுவது. ஆண்டவர் புண்ணியத்தில் அப்பாவும் நானும் கை கால் சுகத்தோடு இருக்கிறோம், நீயும் அந்த அயர்லாந்துக் குளிரில் வேளைக்குச் சாப்பிட்டு, டியூட்டி பார்த்து, சுகமாக இருக்க வேண்டும் என்று மாதாவிடம் தினமும் கேட்கிறேன். என் மனசு மட்டும் சுகமாக இல்லை. அன்றைக்குப் போனில் உன் பூனைக்குத் தெள்ளுப்பூச்சி வந்திருக்கிறது, கூடத் தங்கியிருக்கிற மெர்லின் தன் நாய்க்கு வாங்கின சொட்டு மருந்து மீதி இருக்கிறது, அதைப் போடட்டுமா என்று கேட்டாய். போடாதே என்று கத்திவிட்டுப் போனை வைத்துவிட்டேன். அப்பா பக்கத்தில் இருந்தார், அவருக்குத் தெரியாத ஒன்றும் இதில் இருக்கிறது, அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். படித்துவிட்டுக் கிழித்துப் போடு.

நீ விட்டுப்போன பூனை பிஸ்தா ஐப்பசியில் ஒரே ஒரு குட்டி போட்டாள், போட்டோ அனுப்பினேனே, உடம்பெல்லாம் வெள்ளை, நெற்றியில் மட்டும் கறுப்பு. மழை விட்டதும் வீடு முழுக்கத் தெள்ளு. பிஸ்தா சொறிந்து சொறிந்து கழுத்தில் முடியே கொட்டிவிட்டது. நம் பங்குக் கோயிலுக்கு வருகிற ஆரோக்கியராஜின் மாட்டுத் தீவனக் கடை உனக்குத் தெரியும், இப்போது அவர் மகன் ஆண்டோதான் கல்லாவில் உட்காருகிறான். பூனைக்கு மருந்து வேணும் என்று ரெண்டு தரம் சொன்னேன். அவன் செல்போனிலிருந்து கண்ணை எடுக்காமல் ஒரு டப்பியைத் திறந்து அதிலிருந்து ஒரு குழாயை மட்டும் உருவிக் கொடுத்து, நாய்க்குப் போடறதுதான் ஆண்ட்டி, பூனைக்குப் பாதி ஊத்துங்க, ஒண்ணும் ஆவாது என்றான். அவன் எதையும் உதிரியாகத்தான் விற்பான், நாமும் உதிரியாகத்தான் வாங்குவோம். மாட்டுக்கு ஒரு மூடி என்றால் கன்றுக்குக் கால் மூடி என்று ஊற்றிப் பழகின கைதானே, எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. டப்பி கடையிலேயே நின்றுவிட்டது. அதன் மேல் பூனைப் படம் போட்டுக் குறுக்கே சிவப்புக் கோடு அடித்திருந்ததை எல்லாம் முடிந்த பிறகுதான் பார்த்தேன்.

காலையில் பிஸ்தாவின் பிடரியில் சொட்டினேன். குட்டி வழக்கம்போல அவளை ஒட்டிப் படுத்துப் பால் குடித்தது, அவள் கழுத்தை நக்கியது. மத்தியானம் குட்டிக்குக் காது துடித்தது, அப்புறம் உடம்பே வெட்டி வெட்டி இழுத்தது, பிஸ்தாவும் நிற்க முடியாமல் நடுங்கினாள். இங்கே இருக்கிற மாட்டு டாக்டர் முகாமுக்குப் போயிருந்தார். அப்பா வாடகைக் கார் பிடித்து விழுப்புரத்துக்கு ஓட்டச் சொன்னார். விக்கிரவாண்டி டோல்கேட்டில் வரிசையில் நிற்கும்போது குட்டி என் மடியிலேயே அடங்கிவிட்டது. விழுப்புரத்தில் டாக்டர் மலர்விழி பிஸ்தாவைப் பாத்திரம் கழுவுகிற சோப்பும் வெதுவெதுப்பான தண்ணீரும் போட்டுக் கழுவி, ஊசி போட்டு, ரெண்டு நாள் வைத்திருந்து பிழைக்க வைத்தார். நாய் மருந்துல பெர்மெத்ரின்னு ஒண்ணு இருக்கும்மா, பூனை உடம்பால அதை முறிக்க முடியாது, பாதி ஊத்தினாலும் கால் ஊத்தினாலும் விஷந்தான் என்றார். அதனால் ஜோஸ்வின், நீ டாக்டரிடம் காட்டி, எடை பார்த்து, பூனைக்கென்றே எழுதியிருக்கிற மருந்தாக, டப்பியோடு வாங்கு. குட்டியாக இருந்தால் எத்தனை வாரம் என்பதையும் சொல். வேப்பெண்ணெய், கற்பூரம் என்று அம்மா வைத்தியமும் வேண்டாம். பல் நெருக்கமான சீப்பால் தினமும் வாரி விடு, அது படுக்கிற துணியைச் சுடுதண்ணீரில் துவை. மெர்லின் தன் நாய்க்கு மருந்து போட்டால் அது காய்கிற வரைக்கும் ரெண்டையும் ஒன்றாக விடாதே.

இப்போது ஆண்டோவுக்கு வருகிறேன். அரசன் அன்று கொல்லும், தெய்வம் நின்று கொல்லும் என்பார்கள், நிற்கிற பொறுமை எனக்கு இல்லை. சந்தை நாளாகப் பார்த்து அவன் கடை வாசலுக்குப் போய், வாங்க வந்த அத்தனை பேர் காதிலும் விழுகிற மாதிரி நியாயம் கேட்டேன், அந்த டப்பியைப் பிடுங்கிப் படத்தையும் காட்டினேன். அப்பவும் என் வயிற்றெரிச்சல் தீரவில்லை. அந்த ஞாயிறே கோயிலில் அவனுடைய கலியாண ஓலை, மூன்று ஞாயிறு வாசிப்பார்களே அது, முதல் தடவை வாசித்தார்கள். பெண் ஒலக்கூர் எலிசா, டீச்சர் வேலை. இதற்குத் தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று சாமியார் படித்து முடிப்பதற்குள் எழுந்து நின்றுவிட்டேன். அப்பா புடவையைப் பிடித்து இழுத்தார். தடை இருக்குது சாமி, ஒரு உசிரை எடுத்துட்டு ஒண்ணும் ஆவாதுன்னு சொல்றவன் அவன் என்றேன். சாமியார், பூசை முடிஞ்சி வந்து சொல்லுங்கம்மா என்றார். விஷயம் பூனைக்குட்டி என்று தெரிந்ததும் கோயில் படியிலேயே சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு என்னை இன்னும் கொளுத்தியது.

ரெண்டாவது ஓலை வாசித்த மறுநாள் எலிசாவே பஸ் ஏறி நம் வீட்டுக்கு வந்துவிட்டாள். அப்பா கொல்லைக்கு மல்லாட்டைக் கடலை பிடுங்கப் போயிருந்தார். அந்தப் பெண் காபிகூடக் குடிக்கவில்லை. பிஸ்தாவைத் தடவிக் கொடுத்தாள். அப்புறம், தப்பு யாருக்கும் நடக்கும் ஆண்ட்டி, அதை வச்சி நான் ஒண்ணும் முடிவு பண்ண மாட்டேன், அதுக்கப்புறம் அவர் வந்து பார்த்தாரா, அதை மட்டும் சொல்லுங்க என்று கேட்டாள். வரவே இல்லை, எட்டிக்கூடப் பார்க்கவில்லை என்று சொன்னேன்.

ஆண்டோ வந்தான், ஜோஸ்வின். சந்தை நாளுக்கு மறுநாளே வந்தான். நம் வீட்டுக் கேட்டுக்கு வெளியே ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான், தப்பு என்னுதுதான் ஆண்ட்டி, குட்டியை எங்க புதைச்சீங்க என்று கேட்டான். கண் சிவந்திருந்தது. துடைப்பத்தை எடுத்துக்கொண்டு போனேன், போய்விட்டான். அப்பாவுக்கு இது எதுவுமே தெரியாது.

நேற்று மூன்றாவது ஞாயிறு. சாமியார் ஓலை வாசித்தார், வேறு ரெண்டு ஜோடி பெயர்தான் வந்தது, ஆண்டோ பெயர் இல்லை. பெண் வீட்டில் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம். என் வயிறு குளிர்ந்தது, உன்னிடம் எதற்கு மறைக்க, ஐஸ் தண்ணீர் குடித்த மாதிரி குளிர்ந்தது. ஆரோக்கியராஜ் முன் பெஞ்சில் தலையைக் குனிந்தபடியே இருந்தார். நற்கருணை நன்மை வாங்க எல்லாரும் எழுந்தார்கள், நானும் எழுந்தேன், அந்தப் பொய்யோடு எப்படி வாங்குவது, திரும்ப உட்கார்ந்துவிட்டேன். அப்பா ஏன் என்று கேட்டதற்கு முட்டி வலி என்றேன்.

இந்தக் கடிதத்தைப் போஸ்ட் ஆபீஸில் போட்டுவிட்டு அப்படியே ஒலக்கூர் பஸ் ஏறப்போகிறேன். அவன் வந்தான், நான்தான் விரட்டினேன் என்று எலிசாவிடம் சொல்லிவிடுவேன், அதற்கப்புறமும் அவள் வேண்டாம் என்றால் அது அவள் பாடு. ராத்திரிக்குள் அப்பாவிடமும் சொல்ல வேண்டும், அதை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது. ஆண்டோவை நான் மன்னிக்கவில்லை, இனி அந்தக் கடைப் படி மிதிக்கவும் மாட்டேன். ஆனால் தப்பு என்னுது என்று அவன் என் வாசலில் நின்று சொன்னான். என் தப்பு என்று நான் இத்தனை நாளில் ஒருவரிடமும் சொல்லவில்லை, உன்னிடம்தான் முதலில் சொல்கிறேன், அந்த மருந்தைச் சொட்டினது என் கை.

தேவமாதா உன்னையும் உன் பூனையையும் காப்பாற்றட்டும், என் முத்தங்கள். டாக்டரிடம் காட்டாமல் ஒரு சொட்டும் போடாதே, காட்டிவிட்டு எனக்குப் போன் செய்.

இப்படிக்கு
உன் அம்மா
அருள்ராணி