சுவீடன் பாட்டுக்காரிக்கு முடிந்து வைத்த காசு

அக்கா,

நேற்று மேடம் வீட்டைக் காலி செய்தார்கள். குடும்பத்தோடு சுவீடனுக்கே திரும்பிப் போகிறார்கள். சாமான்களை லாரியில் ஏற்றி அனுப்பியபின் ஓர் அட்டைப் பெட்டியை என் கையில் கொடுத்து, "இது உனக்கு" என்றார்கள். திறந்து பார்த்தால் எல்லாம் அந்தப் பாட்டுப் போட்டி வீடியோ கேசட்டுகள். போட்டுப் பார்க்க என்னிடம் டெக் கிடையாது. அல் குசைஸ் ரூமில் என் கட்டிலுக்கடியில் இன்னொரு பெட்டி நுழையக்கூட இடம் கிடையாது. ஆனாலும் வாங்கிக்கொண்டேன். பெட்டியிலிருந்து சூடான துணி வாசனை வந்தது. நீங்கள் இஸ்திரி போடும் அறை அலமாரியில்தானே இத்தனை வருஷமும் இருந்தன, அதனால் இருக்கும். பெட்டியை முன் சீட்டில் வைத்துக் காரைக் கிளப்பினேன்.

அந்த வீட்டில் சமையலும் பிள்ளைகளும் உங்கள் பொறுப்பு, கார் என் பொறுப்பு. நீங்கள் ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டம், மகளை அங்கே விட்டுவிட்டு வளைகுடாவுக்கு வந்தவர். நான் ராமநாதபுரம் ஜில்லா. தமிழில் பேச உங்களுக்கு நான், எனக்கு நீங்கள், வேறு ஆள் இல்லை. முதல் நாளே "தம்பி, சாப்டீங்களா?" என்று கேட்டு என்னை உங்கள் கட்சியில் சேர்த்துவிட்டீர்கள்.

அந்தக் கேசட்டுகளில் வரும் நம் பாடகி மேடத்தின் ஊர்ப் பெண். ஐரோப்பா முழுக்க நடக்கும் பெரிய போட்டிக்கு யாரை அனுப்புவது என்று சுவீடனில் வருஷா வருஷம் ஒரு போட்டி வைப்பார்கள். நம் வீட்டு டிஷ்ஷில் அந்தச் சேனல் வராது. மேடத்தின் அம்மா அங்கே டேப்பில் பதிந்து பார்சலில் அனுப்புவார். தபால் பெட்டியிலிருந்து எடுத்து வருவது என் வேலை. அது வந்து சேரும்போது அங்கே எல்லாம் முடிந்து வாரக்கணக்காகியிருக்கும். ஆனால் மேடம் கெட்டிக்காரி. முடிவை யாரும் போனில் சொல்லக் கூடாது என்று சொந்தக்காரர்களுக்கெல்லாம் கண்டிப்பான உத்தரவு. வெள்ளிக்கிழமை மதியச் சாப்பாடு முடிந்ததும், இப்போதுதான் நடப்பதுபோல எல்லோரும் டி.வி. முன்னால் உட்காருவார்கள். நீங்கள் இஸ்திரி மேஜையை ஹாலுக்கே இழுத்து வந்துவிடுவீர்கள். நான் டீ கிளாஸோடு சமையலறை வாசலில் நிற்பேன்.

முதல் வருஷம் அவள் மூன்று பெண்களில் ஒருத்தியாக வந்தாள். பாஷை ஒரு எழுத்துப் புரியாது நமக்கு. நீங்கள் சட்டையை உதறியபடியே, "நடுவுல நிக்கிறவளுக்குத் தலைமுடிதான் இருக்கு. ஓரத்துல நிக்கிறா பாருங்க, அவகிட்டதான் கொரலு இருக்கு" என்றீர்கள். மறுவருஷம் அந்த ஓரத்துப் பெண் தனியாகவே வந்தாள். முதல் சுற்றிலேயே வெளியே. அதற்கடுத்த வருஷம், தோற்றவர்களுக்கு இன்னொரு வாய்ப்பு என்று ஒரு சுற்று வைத்தார்கள். அதில் ஏறி இறுதிச் சுற்று வரை போய், அங்கே கவிழ்ந்தாள். "உங்க மக தோத்துப் போச்சே அக்கா" என்று நான் வாயைக் கொடுத்தேன். ஒரு வாரம் என் டீயில் சர்க்கரை இல்லை.

பிறகு ஒரு வருஷம் அவள் ஜெயித்தேவிட்டாள். மேடம் குதித்தார்கள், பிள்ளைகள் குதித்தார்கள், நீங்களும் குதித்தீர்கள். சாரின் சட்டைக் காலர் கருகும் நாற்றம் வந்தபிறகுதான் இஸ்திரிப் பெட்டி நினைவு வந்தது. மேடம் அதற்கும் சிரித்தார்கள்.

அடுத்து ஐரோப்பியப் போட்டியின் டேப் வந்தது. பார்சலோடு நான் சமையலறைக்குள் நுழைந்தால், அரிசி டின்னுக்கு மேலே ஆணியில் ஒரு மஞ்சள் துணி முடிச்சுத் தொங்குகிறது.

"என்னக்கா இது?"

"ஒரு திர்ஹாம் முடிஞ்சு வச்சிருக்கேன். அவ ஜெயிக்கணும்னு மாரியாத்தாவுக்கு."

நான் வயிறு குலுங்கச் சிரித்தேன். "அக்கா, போட்டி முடிஞ்சு மூணு வாரம் ஆச்சு. மாரியாத்தா இனிமே என்ன செய்வா?"

நீங்கள் வெங்காயத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை. "முடிஞ்சது அவங்களுக்கு. நமக்கு இன்னும் வந்து சேரலியே, தம்பி."

அன்று மதியம் நாடு நாடாகக் கூப்பிட்டு மார்க் சொன்னார்கள். அவளுக்கு ஒன்று, இரண்டு, பல நாடுகளில் ஒன்றுமே இல்லை. "மேடம் வீட்டு ஆளுங்க எல்லாம் அவளுக்கே போட்டா என்ன?" என்று கேட்டீர்கள். சொந்த நாட்டுக்காரர்கள் சொந்தப் பாட்டுக்கு ஓட்டுப் போடக் கூடாது, அதுதான் சட்டம் என்று மேடம் விளக்கினார்கள். உங்களுக்கு வந்ததே கோபம். "சொந்தக்காரங்க ஒண்ணும் செய்ய ஏலாதுன்னா அப்புறம் எதுக்குச் சொந்தம்?" என்றீர்கள் என்னைப் பார்த்து, ஏதோ நான்தான் சட்டம் போட்டவன் மாதிரி. அவள் கடைசிக்குக் கொஞ்சம் மேலே வந்தாள். கேமரா பக்கத்தில் வந்தபோது சிரித்தாள்.

"அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும் தம்பி. எம்மக போன்ல 'நீங்க யாரு'ன்னு கேட்டப்ப நானும் இப்பிடித்தான் சிரிச்சேன்."

நான் கிளாஸைக் கழுவப் போனேன். முடிச்சை நீங்கள் அவிழ்க்கவில்லை. அடுத்த வருஷமும் அவள் வருவாள் என்றீர்கள்.

அதன்பிறகுதான் உங்களுக்கு வயிற்று வலி. கொத்தமல்லித் தண்ணீரையே குடித்துக் குடித்துக் காலம் தள்ளினீர்கள். மேடம் விடாப்பிடியாக ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போன அன்று, டாக்டர் நம் சாரைத் தனியே கூப்பிட்டுப் பேசியதை நான் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். ஊருக்கு அனுப்புவதுதான் நல்லது என்று முடிவாயிற்று. மேடம் அழுதார்கள். எனக்குத் தெரிந்ததெல்லாம் வண்டி ஓட்டுவது, ஓட்டினேன். ஏர்போர்ட் ரோடு அன்று ஏன் அத்தனை காலியாக இருந்தது என்று எரிச்சலாக வந்தது.

இறங்கும்போது கேட்டீர்கள். "வர்ற வருசமும் அவ பாடுவாளா?"

"பாடுவாக்கா."

"டேப்பு வந்தா எனக்குப் போன் போட்டுச் சொல்லுங்க. முடிவ மொதல்ல சொல்லிராதீங்க. என்ன உடுப்புப் போட்டிருந்தா, யாரு முன்னால பாடுனா, எல்லாம் ஒண்ணொண்ணாச் சொல்லிட்டுக் கடைசியில சொல்லுங்க."

கண்டியில் உங்களுக்கு ஆபரேஷன் என்று நீங்கள் போட்ட கடிதம் வந்து மேடம் சொன்ன அன்று, என் கைக்குட்டையை மஞ்சள் தண்ணீரில் நனைத்து, காயவைத்து, ஒரு திர்ஹாமை முடிந்தேன். உங்களைக் கேலி செய்த அதே ஆள்தான். ரூமில் தொங்கவிட்டால் மற்றவர்கள் ஆயிரம் கேள்வி கேட்பார்கள் என்று காரின் டாஷ்போர்டுக்குள் வைத்தேன். வேறு என்ன செய்ய முடியும் என்னால்? ஒரு வார லீவு கேட்டு ஓடி வரவா முடியும், வந்தாலும் நான் உங்களுக்கு யார் என்று சொல்வது?

அந்த வெள்ளிக்கிழமையே டேப்பும் வந்தது. அவள் பச்சை உடுப்பு. தோற்றவர்கள் சுற்றில் ஏறி மறுபடி இறுதிக்கு வந்திருந்தாள். நீங்கள் சொன்ன வரிசையிலேயே மனதில் அடுக்கிக்கொண்டு, கார்டு வாங்கி, உங்கள் தோட்டத்துக் கடைக்குப் போன் போட்டேன். கடைக்காரர் உங்கள் மகளைக் கூப்பிட்டுவிட்டார்.

"அம்மா போன மாசமே போயிருச்சு மாமா. ஆஸ்பத்திரியிலயே. யாருக்குச் சொல்றதுன்னு எங்களுக்குத் தெரியல."

போன மாதம். நான் காசு முடிந்தது இந்த மாதம்.

அந்தப் பிள்ளைதான் பேசியது. "அந்தப் பாட்டுப் பாடுற அக்கா இந்த வருசம் ஜெயிச்சாங்களா மாமா? அம்மா கேட்டுக்கிட்டே இருந்துச்சு."

சொன்னேன். பச்சை உடுப்பிலிருந்து ஆரம்பித்து, யார் முன்னால் பாடினார்கள், பின்னால் பாடினார்கள், ஒன்றொன்றாகச் சொன்னேன். அந்தப் பக்கம் "ம்" என்று கேட்டுக்கொண்டே இருந்தது, உங்களை மாதிரியே. மார்க் சொல்லும் இடத்துக்கு வருவதற்குள் கார்டு தீர்ந்து லைன் அறுந்துவிட்டது. வேறு கார்டு வாங்கிப் போட்டேன். பிள்ளை போய்விட்டது என்றார் கடைக்காரர்.

மிச்சத்தை உங்களுக்கே சொல்லிவிடுகிறேன், அக்கா. அந்த வருஷமும் அவள் ஜெயிக்கவில்லை. கேமரா பக்கத்தில் வந்தபோது சிரித்தாள்.

நாளைக்குக் காரை வாங்கியவர்கள் வந்து எடுத்துப் போகிறார்கள். இன்று டாஷ்போர்டைச் சுத்தம் செய்தபோது முடிச்சு கைக்கு வந்தது. மஞ்சள் வெளுத்துவிட்டது, காசு உள்ளேதான் இருக்கிறது. நானும் அவிழ்க்கவில்லை. சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டேன். முடிந்தது அவர்களுக்கு, அக்கா. எனக்கு இன்னும் வந்து சேரவில்லை.